மூத்த மாப்பிள்ளையின் வேகம்

"அண்ணே, உங்களோடது ஓடுதா, தூங்குதா?"

கேட்டவர் சின்ன மாப்பிள்ளை. திரையை முறைத்துக்கொண்டிருந்தவர் பெரிய மாப்பிள்ளை. மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒரே கடை, ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியவை. எது வேகம் என்று பார்த்துவிடலாமே என்று சின்னவர்தான் தன்னுடையதை ஸ்கூட்டரில் கட்டிப் பெரியவர் வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தார்.

இரண்டிலும் மாமனாரின் பணி ஓய்வு விழா வீடியோ சின்ன ஃபைலாகச் சுருங்கிக்கொண்டிருந்தது. மாமனார் தலைமையாசிரியராக இருந்தவர். அவர் பேச்சைச் சுருக்க மனிதரால் ஆகாது என்பதால் வேலை இயந்திரத்திடம் விடப்பட்டிருந்தது.

சின்னவருடையது முடித்துவிட்டது. பெரியவருடையது பாதியில் நின்று யோசித்தது.

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றார் பெரியவர். முகம் சிவந்திருந்தது. மாமனார் வீட்டில் முதல் நாற்காலி, முதல் காபி எல்லாம் அவருக்குத்தான். அங்கே அவருக்கு இருந்த மரியாதை மொத்தமும் 'மூத்த' என்ற மூன்றெழுத்தை நம்பி இருந்தது. இளையவனிடம் தோற்ற செய்தி அந்த வீட்டுக்குப் போனால் என்ன ஆவது?

"டிஸ்க் நிறைஞ்சு போச்சு. அதான் மூச்சு வாங்குது" என்று கண்ணில் பட்டதையெல்லாம் அழித்தார்.

பள்ளி ஆசிரியையான மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, என் கேள்வித்தாள் ஃபோல்டர் எங்க?"

"எது? 'அழிக்காதே'ன்னு பேர் வச்சிருந்தியே, அதுவா?"

"ஆமா."

"அது ரொம்பப் பெருசா இருந்துச்சும்மா."

மனைவி விடுவிடுவென்று உள்ளே போனாள். பதிலைப் படுக்கையறைக் கதவு படாரென்று சொன்னது.

போனதை மீட்டுத் தருகிற மென்பொருள் ஒன்றை அவசரமாகப் போட்டார். அது பின்னால் ஓடியபடியே இருந்ததால், இரண்டாவது பந்தயத்தில் இன்னும் மோசமாகத் தோற்றார்.

"சூடாகுது. காத்து வேணும் அதுக்கு."

பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி மேஜை விசிறியைப் பக்கத்தில் வைத்தார். உள்ளே பல காலமாக நிம்மதியாகக் குடியிருந்த தூசி கிளம்பி அவர் மூக்கில் குடியேறியது. தும்மிக்கொண்டே, விசிறியை நிறுத்த ஒரு பிளக்கைப் பிடுங்கினார். அது கம்ப்யூட்டருடையது.

"விடுங்கண்ணே. நான் வேணா தோத்துடறேன்" என்றார் சின்னவர், ரொம்பப் பணிவாக.

"விட்டுக் குடுத்து ஜெயிக்க நான் என்ன சின்னப் புள்ளையா? மறுபடி ஓட்டு!"

மறுபடி ஓட்டினார்கள். இம்முறை பெரியவருடையது முதலில் முடித்தது. சின்னவர் தன் கம்ப்யூட்டரில் ஒரு கார் விளையாட்டையும் சேர்த்து ஓடவிட்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் கண்டுகொண்டிருக்க மாட்டார்.

"பாத்தியா! மாமாவுக்கு போன் போடு. ஸ்பீக்கர்ல போடு. உன் வாயாலயே சொல்லு."

சின்னவர் கீழ்ப்படிந்தார். "மாமா, அண்ணனோடதுதான் ஃபாஸ்ட். என்னோடது கிட்டயே நெருங்க முடியல."

"ரெண்டு மடங்கு ஃபாஸ்ட், மாமா!" என்று பெரியவர் குறுக்கே புகுந்தார். "எவ்வளவு பெரிய வேலையா இருந்தாலும் தாங்கும்!"

சந்தோஷம் தாங்காமல் சின்னவரின் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார். தோற்றவனிடம் பெருந்தன்மை காட்டுவதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது.

மறுமுனையில் மாமனார் தொண்டையைச் செருமினார். அதற்குள் அவரை முந்திக்கொண்டு மாமியாரின் குரல் கேட்டது. அவர் இவ்வளவு உற்சாகமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"அப்பாடா! அப்ப பெரிய மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னைக்கே கிளம்புங்க. யார் கம்ப்யூட்டர் ஃபாஸ்ட்டோ அந்த வீட்டுல தங்கித்தான் சுயசரிதை எழுதி முடிப்பேன்னு சின்ன மாப்பிள்ளைகிட்ட போன வாரமே சொல்லிட்டீங்கல்ல?"