ரைஸ் மில் போர்க்களம்

உலகத்தார் மறக்கக் கூடாத போர்க்களங்கள் மூன்று: குருக்ஷேத்திரம், பானிபட், குத்தாலம் பக்கத்தில் எங்கள் ஊர் ரைஸ் மில் களம். முதல் இரண்டில் கார் நிறுத்த இவ்வளவு வசதி இருக்குமா என்பது சந்தேகம்.

மூன்றாவதைக் கண்டுபிடித்த பெருமை 'தொழில் பாரம்பரியச் சுற்றுலா மேம்பாட்டுக் குழு'வைச் சேரும். நான் அதன் செயலாளர். மூடிக் கிடந்த மில்லின் புகைபோக்கிக்குக் கலர் விளக்கு போட்டோம். நெல் ஊறவைக்கும் தொட்டியைச் 'செல்ஃபி முனையம்' ஆக்கினோம். அப்படியும் ஏதோ குறைந்தது. வரலாறுதான்.

அப்போது சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் அரவிந்தன், மில்லின் பழைய பத்திரத்தில் ஒரு வரியைப் பார்த்தார்: 'மேற்படி மில்லுக்குக் கிழக்கே போர் போடும் களம்.'

அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "சார், இங்க போர் போட்டிருக்காங்க. சோழர் காலமா இருக்கும்."

அது வைக்கோல் போர் என்று எனக்குத் தெரியும். ஆனால் வைக்கோலைப் பார்க்க யார் வருவார்? குழுக் கூட்டத்தில் போண்டா ஆறுவதற்குள் 'சோழர் காலம்' ஒருமனதாக நிறைவேறியது. களத்தைச் சுற்றிக் கம்பி வேலி. வாசலில் பலகை: 'வீரர்கள் உறங்குகிறார்கள். மிதிக்காதீர்.'

மறுநாள் நாகம்மாள் டிராக்டரில் நெல்லோடு வந்து நின்றார். இரண்டு ஏக்கர் குத்தகை நிலம்; அறுக்கும்போதே நனைந்த நெல். ஊரில் நெல் காயவைக்கச் சிமெண்டுக் களம் அது ஒன்றுதான்.

"ரெண்டு வெயில் காஞ்சாப் போதும்ங்க. கொள்முதல் நிலையத்துல ஈரம் அதிகம்னு திருப்பி விட்டுட்டாங்க. வானம் வேற இருட்டிக்கிட்டு வருது."

"அம்மா, இது போர்க்களம்," என்றேன்.

"தெரியும்ங்க. போன வருஷம் நான்தான் போர் போட்டேன்."

அரவிந்தன் குறிப்பேட்டில் 'பெண் படைத்தளபதி வம்சம்' என்று எழுதிக்கொண்டார்.

நாகம்மாள் வேலிக்கு வெளியே ரோட்டோரம் நெல்லைக் கொட்டித் தார்ப்பாய் போட்டார். 'அடாது மழை பெய்தாலும் விழா விடாது நடைபெறும்' என்று நாங்கள் நோட்டீஸ் அடித்திருந்தோம். மழையும் அதைப் படித்திருக்க வேண்டும். மூன்று நாள் விடாமல் பெய்தது.

திறப்பு விழாவன்று தார்ப்பாயை விலக்கினால், நெல் பச்சைப்பசேலென்று முளைத்துக் கிடந்தது. இயற்கையே வாசலில் பச்சைக் கம்பளம் விரித்ததாகத் தலைவர் மைக்கில் நெகிழ்ந்தார். எல்லோருக்கும் முன்னால் நான் கைதட்டினேன்.

தாராசுரம் பார்த்துவிட்டு வந்த ஒரு பயணி என்னிடம் கேட்டார்: "இங்க யாருக்கும் யாருக்கும் சார் போர்?"

நான் துண்டுப் பிரசுரத்தைப் புரட்டினேன். அதற்குள் நாகம்மாள் முளைத்த நெல்லை ஒரு கை அள்ளி அவர் முன் நீட்டினார்.

"எனக்கும் இவங்களுக்கும்ங்க. மூணு நாள் நடந்துச்சு. நான் தோத்துட்டேன்."

"ஜெயிச்சது யாரு?" என்று பயணி என்னைப் பார்த்தார்.

சொல்ல அவையடக்கம் தடுத்தது. திறப்பு விழாக் கல்வெட்டைக் காட்டினேன். அதில் மூன்றாவது பெயர் என்னுடையது.