வாத்து டீச்சர்

குறிஞ்சிப்பிட்டி பாலர் பாடசாலைக்கு இனி டீச்சரே வேண்டாம் என்று இஸ்ஸதீன் தீர்மானித்தான். பாடசாலைக் குழுவின் செயலாளர் அவன். தீர்மானிக்க உரிமை இருந்தது. காரணமும் இருந்தது. அதை மட்டும் அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை.

காரணம், சோறு.

கற்பிட்டி வீதியில் லொறி டயர்க் கடை வைத்திருந்தான். மத்தியானமானால் லொறிகள் வரிசையில் நின்றாலும் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் பறந்து வருவான். மனைவி றிஸ்மியா மீன் ஆணத்தை அடுப்பிலிருந்து இறக்கி நேரே சோற்றுப் பீங்கானில் ஊற்றுவாள். அந்த ஆவி முகத்தில் படும் கணத்தில்தான் தான் ஒரு குடும்பத் தலைவன் என்பது அவனுக்கு முழுதாக உறுதிப்படும்.

இருந்த டீச்சர் கலியாணம் முடித்துப் பாலாவிக்குப் போனதும் வந்தது வினை.

"அந்த எடத்துக்கு நான் போறன்," என்றாள் றிஸ்மியா.

"எந்த எடத்துக்கு?"

"டீச்சர் எடத்துக்கு. மொன்ரிசூரி கோர்ஸ் முடிச்ச ஆள் இந்த ஊர்ல வேற யாரு இருக்கிற?"

"நம்மட புள்ளக்கே இன்னும் எழுத்துத் தெரியா. இவ ஊர்ப் புள்ளகளுக்குப் படிப்பிக்கப் போறாவாம்."

"அப்ப, மகள் வாசிச்சா நான் போகலாமா?"

இஸ்ஸதீன் ஒரு பெரிய கவளத்தை வாயில் வைத்தான். வாய் நிறைந்திருப்பவன் பதில் சொல்லத் தேவையில்லை. இல்லறத்தில் அவன் பிழையறக் கற்ற பாடம் அது.

அடுத்த கிழமை கொழும்புக்கு டயர் எடுக்கப் போனவன், டயர்களோடு ஒரு மஞ்சள் வாத்தையும் கொண்டுவந்தான். பிளாஸ்டிக் வாத்து. வயிறு முழுக்க ஆங்கில எழுத்துகள். ஒன்றை அமுக்கினால் எழுத்தின் பெயரைச் சொல்லாது. அந்த எழுத்தின் சத்தத்தைச் சொல்லும். சத்தங்களைச் சேர்த்தால் சொல் வரும். சொல் வந்தால் பிள்ளை வாசிக்கும்.

"இனி டீச்சர்மாருக்கு வேலயே இல்ல, றிஸ்மி. பள்ளிக்கூடத்துக்கு இதுல ஒரு டசின் வாங்கிப் போட்டாச் சரி. லீவு கேக்காது. கலியாணம் முடிச்சிப் போகாது."

"ஏசவும் ஏசாது," என்றாள் றிஸ்மியா, அவனைப் பார்த்தபடி.

"முதல்ல நம்மட மகளுக்குப் படிப்பிச்சுக் காட்டட்டும். பொறகு குழுவுல பேசுறன்."

"ஓம். படிப்பிச்சுக் காட்டட்டும்."

இவ்வளவு இலகுவாக அவள் ஒத்துக்கொண்டபோதே அவன் விழித்திருக்க வேண்டும். வெற்றி பெற்ற கணவன்மார் பொதுவாக விழிப்பதில்லை.

நாலு வயது மகள் ஷஸ்னா வாத்தின் வயிற்றில் பாட்டுக்குரிய பொத்தானைக் கண்டுபிடித்தாள். அதன்பிறகு வேறு எதையும் அமுக்கவில்லை. வாத்து பாடியது, அவள் ஆடினாள். பாட்டு முடிந்ததும் வாத்து, "குட் ஜொப்!" என்று பாராட்டியது. பூனை ஏறி உட்கார்ந்தபோதும் "குட் ஜொப்!" என்றது. பாத்திரம் தேய்க்கும் றிஸ்மியாவுக்கு ஒருவரும் சொல்லாத வார்த்தையைப் பூனை ஒரு நாளில் பலமுறை சம்பாதித்தது.

பிறகொரு கிரிக்கெட் நாள். கடைசி ஓவரில் ரீவி றிமோட் செத்துப்போனது.

"றிஸ்மி! பற்றரி!"

அவள் எங்கிருந்தோ இரண்டு பற்றரி கொண்டுவந்து போட்டாள். எங்கிருந்து என்று அவன் கேட்கவில்லை. கடைசி ஓவரில் யார் கேட்பார்கள்?

அதற்குப் பிறகு வீடு அமைதியானது. வாடைக் காற்று ஓலை வேலியில் உரசும் சத்தம்கூட மறுபடி கேட்டது.

"வாத்துட சத்தத்தக் காணமே?"

"மகளுக்குப் பாடம் காலையில. நீங்க வாற நேரம் வாத்துக்கு ரெஸ்ட்."

"நல்ல வாத்து. ஆனா ஆணத்துல உப்புத்தான் இப்ப ஒவ்வொரு நாளக்கி ஒவ்வொரு மாதிரி இருக்கிது."

"கடல் காத்து," என்றாள் அவள்.

ஷஸ்னா வாசிக்கத் தொடங்கினாள். முதலில் பிஸ்கட் பெட்டி. பிறகு பஸ்ஸின் நெற்றி. ஒருநாள் கடைக்கு வந்து, வாப்பாவின் டயர்களில் கைவைத்துத் தடவித் தடவி வாசித்தாள். இஸ்ஸதீனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்றே குழுத் தலைவர் ஹயாத்து முகம்மது ஹாஜியாரை அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வரச் சொன்னான்.

ஹாஜியார் வந்தபோது இஸ்ஸதீன் றிமோட்டை அமுக்கி ரீவியின் வாயை அடைத்துவிட்டு, றிமோட்டும் கையுமாகவே எழுந்தான். மேசை நடுவே வாத்து. பக்கத்தில் ஷஸ்னா, புதுச் சட்டையோடு. கதவுச் சேலைக்குப் பின்னால் தேத்தண்ணிக் கோப்பைகளின் சத்தம்.

ஹாஜியார் லேசில் நம்புகிறவர் அல்ல. அலுமாரிக்கு மேலிருந்த ரின்மீன் தகரப் பேணியை எடுத்து நீட்டினார். "இதுல என்ன எழுதியிருக்கிது, மகள்?"

ஷஸ்னா ஆட்காட்டி விரலால் காற்றில் கோடு இழுத்தாள். கீழுதட்டைப் பல்லால் மெல்லக் கடித்தாள். "ஃப்... இ... ஷ். ஃபிஷ்!"

"மாஷா அல்லாஹ்!"

இஸ்ஸதீனுக்குத் தலை கூரையைத் தொட்டது. "ஹாஜியார், நான் சொல்றதக் கேளுங்க. இந்தப் புள்ளக்கி யாரு படிப்பிச்சதோ, அதுதான் நம்மட பள்ளிக்கூடத்துக்கும் டீச்சர். மறுகதை இல்ல."

"செயலாளர்ட வாக்கா?"

"வாக்கு!"

கோப்பைகளின் சத்தம் நின்றது.

"அப்ப நாங்களும் டீச்சர்ட குரலக் கேப்பம்," என்று ஹாஜியார் வாத்தின் வயிற்றை அமுக்கினார். வாத்து பேசவில்லை. இன்னொரு எழுத்து. மௌனம். இஸ்ஸதீன் குலுக்கினான், தட்டினான், திருப்பி மூடியைக் கழற்றினான். உள்ளே வெறும் குழி.

"பற்றரி எங்க?"

"வாப்பாட கையில," என்றாள் ஷஸ்னா.

இஸ்ஸதீன் தன் கையைப் பார்த்தான். றிமோட்.

ஹாஜியார் குனிந்தார். "அப்ப உனக்கு யாரு மகள் படிப்பிச்ச?"

"உம்மா. அரிசி பொடைக்கிற சுளகுல உப்பப் பரப்பி எழுதுற. எழுதி முடிச்சா உப்ப ஆணத்துல போடுற."

இத்தனை நாளாக எத்தனை எழுத்துகளைச் சோற்றோடு விழுங்கினோம் என்று இஸ்ஸதீன் எண்ணிப் பார்க்கத் துணியவில்லை. கதவுச் சேலையை விலக்கி றிஸ்மியா தேத்தண்ணியோடு வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாமையை அவள் பெரும்பாடு பட்டுச் செய்திருந்தாள்.

"திங்கக்கிழம வாங்க, டீச்சர்," என்றார் ஹாஜியார்.

திங்கள் மத்தியானம் இஸ்ஸதீன் பழக்க தோஷத்தில் பறந்து வந்தான். வீட்டில் பூனை மட்டும் இருந்தது. மேசையில் மூடிய சட்டிகள் இரண்டு. நடுவே வாத்து. அதன் முன்னால் சுளகு. பரப்பிய உப்பில், ஒரு சட்டியைப் பார்த்து அம்புக்குறி போட்டு, ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. அவள் கையெழுத்து. கலியாணத்துக்கு முன் வந்த கடிதங்களுக்குப் பிறகு அவனுக்கென்று அவள் எழுதிய முதல் எழுத்து. அவனுக்குக் கொஞ்ச நேரம் பசி மறந்து போயிற்று.

விரலை எழுத்துகளின் கீழே வைத்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். கீழுதட்டைக் கடித்தான்.

"ஃப்... இ... ஷ்."

மூடியைத் தூக்கினான். ஆணம் இன்னும் இளஞ்சூடாகத்தான் இருந்தது.

ஆணத்தின் வாசனைக்குப் பூனை மேசைமேல் பாய்ந்து, வாத்தை மிதித்தது. வாத்தின் வயிற்றில் பற்றரிகள் திரும்பிவந்திருந்தன.

"குட் ஜொப்!" என்றது வாத்து, இஸ்ஸதீனிடம்.