வாய் மூடாத பேய்

ஊதுசாமி ஊதினால் எந்தப் பேயும் ஓடிவிடுமாம். விடிவதற்குள் அவர் வாசலில் வரிசை கட்டிவிட்டது கூட்டம். இந்த அக்கறையில் பாதியைப் பிள்ளைகளின் படிப்பில் காட்டியிருந்தால் வாத்தியார்கள் மயங்கி விழுந்திருப்பார்கள்.

வரிசையில் தையற்காரியும் நின்றாள். ஏழு வயது மகளுக்கு எந்நேரமும் கட்டைவிரல் வாயில். விரலை எடுத்தாலும் வாய் மூடாது. மேல்பல் முன்னால் தள்ளிவிட்டது. தூங்கினால் குறட்டை; நடுவில் மூச்சு நின்று நின்று வரும். அப்போதெல்லாம் பெற்றவளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

சாமியின் சோதனை எளிது. மந்திரத் தண்ணீரை வாயில் வைத்து, நூறு எண்ணும்வரை துப்பக் கூடாது. துப்பினால் உள்ளே பேய். சிறுமி பன்னிரண்டிலேயே துப்பினாள், சாமியின் அங்கியிலேயே.

"பெரிய பேய்" என்றார் சாமி.

தையற்காரிக்குப் பயத்தோடு கொஞ்சம் பெருமையும் வந்தது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு நடுத்தரப் பேய்தான். பெரிய பேய்க்கு வைத்தியம், கதவைச் சாத்திய அறையில் ஒரு மணி நேரம் மிளகாய்ப் புகை.

சேதி கேட்டு, சலவைக்கடை நடத்தும் அவள் அக்கா இடுப்பில் துணிக் கிளிப்புகளோடு ஓடிவந்து புகையறை வாசலை மறித்தாள்.

"மூச்சுக்கே திணறுற பிள்ளையப் புகையில போடுறியாடி? சாமி, உங்களுக்குப் பேய் இல்லல்ல? நீங்களும் அந்தத் தண்ணிய வாயில வைங்க."

மறுத்தால் மானம் போகும். சாமி வைத்தார். அக்கா அவர் மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டினாள். கூட்டம் எண்ணியது. இருபத்தேழில் சாமி பீய்ச்சியடித்தார். முன்வரிசை முழுக்கக் குளித்தது.

"ஐயோ, சாமிக்கே பேயா?" என்றார் ஒருவர்.

அக்கா கிளிப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீரை மறுபடி வாயில் வைக்கச் சொன்னாள். நூறு தாண்டியும் தண்ணீர் வாயிலேயே இருந்தது.

தையற்காரி அந்தக் கிளிப்பை வாங்கித் தன் மூக்கில் மாட்டி, வாயில் தண்ணீர் வைத்தாள். முப்பதில் துப்பிவிட்டு, மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிள்ளை இராத்திரியெல்லாம் படும் பாடு அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குள் சாமி கொல்லைக் கதவு வழியே நழுவியிருந்தார்.

மூக்கின் பின்னால் சதை வளர்ந்து மூச்சை அடைத்திருக்கிறது, விரல் சூப்பியதில் மேல்தாடையும் குறுகிவிட்டது, இரண்டையும் சரிசெய்யலாம் என்றார் மறுநாள் பிள்ளையைப் பார்த்த டாக்டர்.

மறுவாரம் சலவைக்கடை வாசலில் ஒரே கூட்டம். சாமியின் பேயையே விரட்டிய அந்த அருள் கிளிப் வேண்டுமாம்.

"மூக்குல மாட்டுறது இருக்கட்டும்," என்றாள் அக்கா. "முதல்ல மூளையில மாட்டியிருக்கிறதக் கழட்டிட்டு வாங்க."