கார்டில் எடுத்த முகூர்த்தச் சேலை

பெரியவன் கல்யாணத்துக்கு முகூர்த்தச் சேலை எடுக்க, ஒரு புதன்கிழமை காலையில் சேலம் கடைவீதிக்குப் போனோம். வேலை அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் அந்தச் சேலையை மாப்பிள்ளை வீட்டுப் பணத்தில்தான் எடுக்க வேண்டும். ஆனால் இரண்டு வீட்டாரும் சேர்ந்து போவோம். ராசிபுரத்திலிருந்து சம்பந்தியம்மா ஒரு வேன் நிறைய ஆட்களோடும் ஒரு முறுக்கு டப்பாவோடும் வந்து இறங்கினார். சேலையைக் கட்டப் போவது ஒருத்தி, குறை சொல்ல வந்தது பதின்மூன்று பேர்.

கிளம்பும்போதே வீட்டுக்காரர் சொன்னார்: "மூவாயிரம் ரொக்கமா கையில வெச்சுக்க புள்ள." அவருக்கு லாரியை எஃப்.சி. சோதனைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோகிற அவசரம்.

"கார்டு எதுக்குங்க இருக்குது? பஸ்ஸுல பையில பிளேடு போடறவனுக்கு நான் ஏன் மூவாயிரம் சுமக்கோணும்?"

பேங்க் மேனேஜர் வீடு தேடி வந்து கொடுத்த கிரெடிட் கார்டு. இன்று வாங்கி நாற்பத்தைந்து நாள் கழித்துக் கட்டலாம், வட்டி கிடையாது. சேலத்தில் அது வைத்திருக்கும் பெண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதைச் சம்பந்தியம்மா பார்க்க வேண்டாமா? கைப்பையில் கார்டும் பதினோரு ரூபாயுமாகக் கிளம்பினேன்.

பதினொன்றே காலுக்குச் சேலை முடிவானது. அரக்குப் பட்டு, இரண்டாயிரத்து நானூறு. பன்னிரண்டுக்கு ராகு காலம். அதற்குள் பணம் கொடுத்துச் சேலையைக் கையில் வாங்கிவிட வேண்டும்.

கார்டை மேஜைமேல் வைத்தேன். சும்மா வைக்கவில்லை, சத்தம் வருகிற மாதிரி வைத்தேன்.

கணக்குப்பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கார்டு வாங்குவோம் என்று வாசலில் ஒட்டியிருந்ததே தவிர, யாரிடமும் வாங்கியதில்லை போலிருக்கிறது. கார்பன் வைத்துத் தேய்க்கிற மிஷினைப் பரணிலிருந்து இறக்கவே பத்து நிமிஷம். அப்புறம் ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து, வரிவரியாக விரல் வைத்துத் தேட ஆரம்பித்தார்.

"என்னங்க தேடறீங்க?" என்றார் சம்பந்தியம்மா.

"கடன் கட்டாம உட்டவங்க நம்பரெல்லாம் இதுல போட்டிருக்குமுங்க. அம்மா நம்பர் இருக்குதான்னு பாக்கறேன்."

பதின்மூன்று தலைகளும் புத்தகத்துக்கு மேல் குனிந்தன.

நான் அதில் இல்லை. கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் நிமிர்ந்தார்கள்.

"ஆயிரத்துக்கு மேல போனா மெட்ராஸ் கார்டு ஆபீஸைக் கேக்கோணுங்க" என்று டிரங்கால் போட்டார். பதினொன்றே முக்காலுக்கு லைன் கிடைத்தது. அவர் நம்பரை ஒவ்வொன்றாகப் படிக்க, அந்தப் பக்கம் ஒரு பெண் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. ரிசீவரைப் பிடுங்கி, கன்னியாஸ்திரிகள் பதினோரு வருஷம் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் முழுவதையும் அவள் காதில் கொட்டினேன்.

கொட்டி முடித்தபோது லைன் இல்லை.

"சரின்னு சொல்ல வந்தாங்களாட்ட இருக்குது" என்றார் கணக்குப்பிள்ளை. "மறுபடி புக் பண்ணோணுங்க."

பதினொன்று ஐம்பத்திரண்டு.

"ஏனுங்க சம்பந்தி, பணம் பத்தலீங்களா?" சம்பந்தியம்மா மெதுவாகத்தான் கேட்டார். வாசலில் நின்ற வேன் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"பணமெல்லாம் இருக்குதுங்க. மெட்ராஸ்ல இருக்குது."

"அது வந்து சேர்றதுக்குள்ள ராகு காலம் வந்துருமுங்களே."

முறுக்கு டப்பாவைத் திறந்தார். முறுக்குக்கு அடியில் காகிதம், காகிதத்துக்கு அடியில் நோட்டுக் கட்டு. எண்ணிக் கொடுத்துவிட்டு என் கையைத் தட்டினார். "சங்கடப்படாதீங்க. நம்மூட்டுப் பணந்தானுங்க."

நோட்டெல்லாம் எண்ணெய் வாசம். கணக்குப்பிள்ளை அதை எந்தப் புத்தகத்திலும் தேடவில்லை.

பன்னிரண்டு ஐந்துக்கு, நான் வேனில் கால் வைக்கும்போது அவர் ஓடி வந்தார். "அம்மா, லைன் கெடச்சுதுங்க, மெட்ராஸ்ல ஒத்துக்கிட்டாங்க!"

அன்று சாயந்திரமே இரண்டாயிரத்து நானூறையும் ராசிபுரத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டோம். ஆகிவிட்டது மூன்று வருஷம். இன்றைக்கும் எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் சம்பந்தியம்மா பக்கத்து இலைக்காரியிடம், "முகூர்த்தச் சேலைகூட நாங்கதானுங்க எடுத்தோம்" என்கிறார். நாற்பத்தைந்து நாள் சலுகையெல்லாம் அவரிடம் கிடையாது.

கார்டை நான் விட்டுவிடவில்லை. கடைக்கு அதை எடுத்துப் போகும்போது கூடவே மூவாயிரம் ரொக்கமும் எடுத்துக்கொள்கிறேன்.