வாய் மூடியிருக்க வேண்டும்

"மாமா, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்க."

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது.

கல்யாணமான மூன்றாம் நாளே கணவன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்திருந்தான். "எங்கப்பாகிட்ட என்ன வேணாலும் கேளு. வீட்டை எழுதி வைக்கச் சொல்லிக்கூடக் கேளு. ஃபேனை மட்டும் நிறுத்தச் சொல்லிடாதே." மாமனார் நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் வெயிலில் அளவுச் சங்கிலியோடு அலைந்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் ஹால் ஃபேனுக்கு நேர் கீழே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்த ஹாலில் ஃபேன் நின்றதெல்லாம் கரண்ட் போனபோதுதான்.

மாமனார் முகத்தை மறைத்திருந்த பேப்பர் இறங்கியது. "எதை நிறுத்தணும்?"

"ஃபேனை."

"எதுக்கு?"

"பாப்பாவுக்குப் பின்னாடி மாட்டின பெட்ஷீட் ஆடுது மாமா. ஆடினா நிழல் விழும். நிழல் விழுந்தா போட்டோவைத் திருப்பிடுவாங்க."

மணி இரண்டு. ஐந்து மணிக்குள் குழந்தைகள் காப்பகத்தில் படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். படிவம் ரெடி. தடுப்பூசி அட்டை ரெடி. இல்லாதது குழந்தையின் போட்டோ ஒன்றுதான். ஐந்தைத் தாண்டினால் அந்த இடம் வரிசையில் நிற்கும் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். பிறகு ஆறு மாசம் காத்திருக்க வேண்டும். மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளின் தரம் பார்க்கிற அவளுடைய வேலை ஆறு மாசம் காத்திருக்காது. திங்கட்கிழமை காலை எட்டுக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று மேனேஜர் பச்சையாகவே சொல்லிவிட்டார்.

அவள் வம்சத்தில் முதல் பட்டம் அவளுடையது. அதை அவள் அப்பா கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். இப்போது அதன் பின்னால் ஒரு பல்லி குடும்பம் நடத்துகிறது. படித்த படிப்பு பல்லிக்கு மட்டும் பயன்பட்டால் போதாது என்பது அவள் கட்சி.

காலையிலேயே ஸ்டுடியோவுக்குப் போயாயிற்று. விளக்குக் குடையைப் பார்த்ததும் குழந்தை அலறிய அலறலில் பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். "அழுகை நின்னதும் கூட்டிட்டு வாங்கம்மா," என்றார் போட்டோக்காரர். "எந்த வருஷம் நிக்கும்னு சொல்லுங்க, அப்ப வரேன்," என்று கேட்டுவிட்டு வந்தவள்தான், வீட்டிலேயே எடுத்துவிடுவது என்று போனைக் கையில் எடுத்தாள்.

அந்தப் போனில் எட்டு மாசத்தில் நாலாயிரம் படம் இருந்தது. வாயில் கால் கட்டைவிரல், தலையில் தயிர்க் கிண்ணம், அப்பாவின் மூக்குக்குள் விரல். நாலாயிரத்தில் ஒன்றுகூடப் படிவம் கேட்கிற மாதிரி இல்லை. படிவம் கேட்டது இது: பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும். இரண்டு காதும் தெரிய வேண்டும். வேறு யாருடைய கையோ தலையோ படத்தில் விழக் கூடாது.

"எட்டு மாசக் குழந்தைக்கா இத்தனையும்?" என்றார் மாமனார். "கொலை பண்ணினவனைக்கூட இவ்வளவு கண்டிஷன் போட்டு எடுக்க மாட்டான்."

"ஃபேன், மாமா."

மாமனார் மகனைப் பார்த்தார். மகன் குனிந்து தரையில் எதையோ தேடினான். ஃபேன் நின்றது.

பெட்ஷீட் அடங்கிவிட்டது. ஆனால் மாமனார் எழுந்துவிட்டார். காற்று வராத நாற்காலியில் அவருக்கு என்ன வேலை? மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படிவத்தை ஒரு கையிலும் பழைய மர ஸ்கேலை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு, மேற்பார்வையில் இறங்கினார்.

குழந்தைக்கு வீட்டில் உருண்டை என்று பெயர். உட்கார வைத்தால் மூன்று எண்ணுவதற்குள் உருளும். மூன்று முறை உருண்டது. நாலாவது முறை, பெட்ஷீட்டில் மாட்டியிருந்த துணிக் கிளிப் ஒன்றைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டது.

"நான் வேணா பிடிச்சுக்கவா?"

சமையலறைக் கதவருகே கணவனின் அக்கா நின்றிருந்தாள். நாற்பத்தாறு வயது. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் வீட்டில் யாருக்காவது பிரசவம் வந்துகொண்டிருந்ததில், பேச்சு அப்படியே நின்றுபோனது. மூத்த தம்பியின் பிள்ளைகள் இரண்டு, தங்கையின் பிள்ளைகள் மூன்று, ஐந்துமே அக்காவின் இடுப்பில் வளர்ந்தவை. உருண்டை ஆறாவது. அன்றைக்கு அக்கா, வெளியே போகும்போது மட்டும் கட்டுகிற நீலச் சேலையைக் கட்டி, தலையைப் படிய வாரி, முகத்துக்குப் பவுடரும் போட்டிருந்தாள்.

"என்னக்கா, எங்கயாவது கிளம்பறீங்களா?"

"ஏன், வீட்டுல இருந்தா நல்ல துணி கட்டக் கூடாதா?"

ஒரு மாசமாக அந்த வீட்டில் இதே பஞ்சாயத்துதான். "அக்கா இருக்கும்போது காப்பகம் எதுக்கு? அக்கா மனசு என்ன பாடுபடும்?" என்பான் கணவன். "உங்கக்கா என்ன தொட்டிலா, பொறக்கிற புள்ளையெல்லாம் தூக்கிப் போட?" என்பாள் இவள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் வேறொரு கணக்கும் உண்டு. நாளைக்கு யாரும் 'நாங்கதானே வளர்த்துக் கொடுத்தோம்' என்று அவளிடம் சொல்லிக் காட்டக் கூடாது. அக்காவின் மனசைப் பற்றி எல்லாரும் மாறி மாறிக் கத்தினார்கள். அக்கா மட்டும் பாத்திரம் துலக்கினாள்.

இப்போது அக்கா முக்காலியில் உட்கார்ந்தாள். பெட்ஷீட்டைக் கழற்றி அவளைத் தலையோடு போர்த்தி, மடியில் குழந்தையை வைத்தார்கள். பார்ப்பதற்கு, வெள்ளைத் துணி போட்ட நாற்காலியில் குழந்தை சாய்ந்திருப்பது போலவே இருந்தது.

"சூப்பர்க்கா! அசையாதீங்க. ஏங்க, பாப்பாவை இந்தப் பக்கம் பாக்க வைங்க."

கணவன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று நாயாகக் குரைத்தான். குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

"வாய் மூடியிருக்க வேண்டும்," என்று வாசித்தார் மாமனார்.

பூனையாகக் கத்தினான். குழந்தை வீறிட்டது. அதற்கும் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும்.

"வாயை மூடிக்கிற மிருகம் எதும்மா இருக்கு?" என்றான் கணவன் சலித்துப்போய்.

"உங்கப்பா முன்னாடி நீங்க."

"வயிறு நிறைஞ்சா வாய் தானா மூடும்," என்று மாமனார் தீர்ப்புச் சொன்னார். பால் கொடுத்தார்கள். வாய் மூடியது. கூடவே கண்ணும் மூடிக்கொண்டது.

"கண் திறந்திருக்க வேண்டும்," என்றார் மாமனார்.

"தெரியும் மாமா!"

மணி மூன்று. உள்ளங்காலைச் சுரண்டினார்கள், காதில் ஊதினார்கள். கணவன் ஈரத் துணியைக் கொண்டுவந்து, அப்பாவின் பார்வையைப் பார்த்துவிட்டுத் தானே முகம் துடைத்துக்கொண்டான். ஒருவழியாகக் குழந்தை ஒரு கண்ணைத் திறந்தது. அவள் பட்டனை அழுத்தினாள். அதே நொடியில் பெட்ஷீட்டுக்குள்ளிருந்து அக்காவின் தலை வெளியே வந்தது.

"மூச்சு முட்டுதும்மா."

படத்தில் குழந்தை ஒற்றைக் கண்ணோடு கோணிக்கொண்டிருந்தது. அக்கா நேராகக் கேமராவைப் பார்த்து, தாடையைச் சற்றே உயர்த்தி, உதட்டை மூடி இருந்தாள்.

"அக்கா, தலையை உள்ள இழுங்க."

"இதுல என் காது தெரியுதா?"

"தெரியுது! அதான் பிரச்சினையே!"

"ரெண்டுமா?"

நக்கலா, நிஜமா என்று அவளுக்குப் புரியவில்லை. அடுத்த ஐந்து படத்தில் மூன்றில் அக்காவின் தலை வந்திருந்தது. ஒவ்வொன்றிலும் தலை முன்னதைவிடப் படிந்திருந்தது.

"ஒரு காது மறைஞ்சிருந்தாலே திருப்பிடுவாங்களாம்," என்றாள் அக்கா துணிக்குள்ளிருந்து.

"யார் சொன்னா?"

"போன வாரம் காய் வாங்கப் போனப்ப அந்தக் காப்பகத்துப் பக்கம் விசாரிச்சேன்."

காய்க்கடை இருப்பது நேர் எதிர்த் திசையில். வேவு பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்பதற்குள் அக்கா துள்ளி எழுந்தாள். "ஐயோ, சூடா இருக்குடி!"

பெட்ஷீட்டின் நடுவில் மஞ்சளாக ஒரு தீவு உருவாகி, பார்க்கப் பார்க்கப் பெரிதானது. மாமனார் குனிந்து தொழில்முறையில் பார்த்தார். "வடகிழக்கா விரியுது. இனி தேறாது."

வீட்டில் வேறு வெள்ளை பெட்ஷீட் கிடையாது. பூப்போட்டது, கட்டம் போட்டது, யானை போட்டது எல்லாம் இருந்தது. கடைசியில் மாமனாரின் பீரோவிலிருந்து புது வெள்ளைச் சட்டை ஒன்று வந்தது. அதைச் சுவரில் மாட்டினால் தொங்கியது; இழுத்துப் பிடித்தால் கசங்கியது.

"கொண்டா. போட்டுக்கிட்டாதான் நேரா நிக்கும்," என்று மாமனார் பட்டனைப் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் சுவரை அளந்தவர், கடைசியில் தானே சுவரானார்.

அக்கா அவர் முதுகுக்கு முன்னால் நின்று குழந்தையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். குழந்தை தாத்தாவின் காலரைப் பிடிக்கத் திமிறியது. ஏழு படம். ஏழிலும் குழந்தை புகையாகக் கலங்கியிருந்தது. ஏழிலும் அக்கா பளிச்சென்று விழுந்திருந்தாள்.

"ஃபேனைப் போடுங்கடா," என்றது சுவர். "பின்னணி வேர்த்து நனையுது."

மணி நாலு. பின்னணியின் நடுவில் உண்மையாகவே ஒரு ஈரத் திட்டு பரவிக்கொண்டிருந்தது. அவளுக்குள் ஏதோ அறுந்தது.

"அக்கா, உங்களுக்குக் காப்பகம் பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. இப்படித் தலையை நீட்டி நீட்டிக் கெடுக்காதீங்க. நான் வேலைக்குப் போறது இந்த வீட்டுல யாருக்குமே ஆகலை. அதை ஆளாளுக்கு உதவி பண்ணித்தான் காட்டணுமா?"

"யாரைப் பாத்து என்ன பேசற?" கணவனுக்குக் குரல் எகிறியது. "அக்காவை ஒரு வார்த்தை..."

அக்கா அதையெல்லாம் கேட்ட மாதிரியே தெரியவில்லை. குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தம்பி மனைவியின் தோள் வழியாக எட்டி, போனில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒன்றில் நிறுத்தினாள். "இதை மட்டும் அழிச்சிடாதே."

"அதுல குழந்தைக்குத் தலையே இல்லைக்கா!"

"இருக்கட்டும். நல்லாத்தான் விழுந்திருக்கு."

சொல்லிவிட்டு, மாமனாரின் நாற்காலியை அவர் முதுகை ஒட்டி இழுத்துப் போட்டு, குழந்தையை அதில் உட்கார வைத்து இரண்டு பக்கமும் தலையணையைச் செருகினாள். அலமாரியிலிருந்து கைப்பையை எடுத்தாள். வாசலுக்குப் போய்ச் செருப்பில் கால் நுழைத்தாள்.

குழந்தை உருளவில்லை. பிறந்த எட்டு மாசத்தில், தன்னை இடுப்பில் வைக்காமல் அத்தை செருப்பு மாட்டி அது பார்த்ததே இல்லை. இரண்டு கண்ணையும் விரித்து, உதட்டை இறுக மூடிக்கொண்டு, வாசலையே பார்த்தது. பின்னால் தாத்தாவின் முதுகு, ஈரம் படாத கீழ்ப்பக்கம், வெள்ளை வெளேரென்று நின்றது.

க்ளிக்.

மாமனார் திரும்பி, போன் மேல் ஸ்கேலை வைத்து அளந்தார். கண்ணை எண்ணினார், காதை எண்ணினார்.

"பாஸ்," என்றார். அடுத்த நொடி ஃபேன் சுற்றியது.

மணி நாலே கால். தெருமுனைக் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடினால் சரியாக இருக்கும். அவள் படிவத்தைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். கணவன் குழந்தையோடு குறுக்கே வந்தான்.

"ஒரு நிமிஷம். ஒரு மாசமா அக்காவுக்காகப் பேசறேன்னு கத்தினியே, அக்காகிட்ட ஒரு தடவையாவது கேட்டியா?"

அவள் கேட்கவில்லை. அவனும் கேட்டதில்லை, மாமனாரும் கேட்டதில்லை, அது வேறு விஷயம். படித்தவள், நியாயம் பேசுகிறவள், இவளும்தான் கேட்கவில்லை. இப்போது கேட்டு, அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

"வந்து கேக்கிறேன்," என்றாள். "ஆனா பாப்பா திங்கக்கிழமை அங்கதான் போறா. நான் வேலைக்குத்தான் போறேன். இதுல பேச ஒண்ணும் இல்லை."

படியிறங்கி கேட்டைத் தாண்டினாள். வெளியே அக்கா நின்றிருந்தாள்.

"எவ்வளவு நேரம்? சீக்கிரம் வா, பிரிண்ட் கடையில கூட்டம் சேந்துடும்."

"நீங்க எங்கக்கா?"

"எனக்கும் அஞ்சு மணிக்குள்ள கொடுக்கணும். அந்தத் தலையில்லாத படத்துல, குழந்தையை வெட்டிட்டு என்னை மட்டும் ரெண்டு காப்பி போடச் சொல்லு."

அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். ஜன்னல் வழியாக மாமனாரின் குரல் ஃபேன் சத்தத்தை மீறிக்கொண்டு வந்தது.

"போங்க, போங்க! முகம் தெரியாத எவ கையிலயோ எங்க வீட்டுக் குழந்தையைக் கொடுத்துட்டு வாங்க!"

அக்கா நடையை நிறுத்தவே இல்லை. கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தலையை மட்டும் திருப்பினாள்.

"முகம் தெரிஞ்சவதான்ப்பா. அந்தக் காப்பகத்துல என்னை வேலைக்கு எடுத்துட்டாங்க. அதே குழந்தை, அதே இடுப்பு, திங்கக்கிழமைலேருந்து சம்பளம்!"