மத்தியானம் வரை லிபரல்

அமெரிக்கா இன்னும் இரண்டாக உடையாமல் இருப்பதற்குக் காரணமான மனிதர் இத்தாலியின் பலெர்மோ நகரில், போர்கோ வெக்கியோ பேட்டையில், என் பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இந்த விஷயம் அமெரிக்காவுக்குத் தெரியாது. அது தன் பாட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

அவருக்கு ஊர் மன்னார். உண்மைப் பெயர் மாதா கோயில் சுவாமியாருக்கும் குடியேற்ற அலுவலகத்துக்கும் மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் 'செனட்டர் அண்ணை'. கோயம்புத்தூரிலிருந்து கடல்பாசி ஆராய்ச்சிக்கு வந்த நான், சோற்றுக்கு ஆசைப்பட்டு, இரண்டு இலங்கைத் தமிழர்களோடு ஒரே வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒருவர் செனட்டர்.

அமெரிக்கா இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காதவருக்கு எப்படி இந்தப் பட்டம்? அவர் வேலை பார்த்தது இரண்டு அமெரிக்க வீடுகளில். காலையில் கால்சா என்ற பேட்டையில் ஒரு சிஞ்ஞோரா, அதாவது அம்மா. ஓய்வுபெற்ற ஆசிரியை, பரம லிபரல். மாலையில் சீசா என்ற பேட்டையில் ஒரு சிஞ்ஞோர், அதாவது ஐயா. லாரி கம்பெனி நடத்தி ஓய்ந்தவர், அசல் கன்சர்வேட்டிவ். "எங்கள் நாட்டில் பாதிப் பேருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது" என்று சொல்லித்தான் அந்த அம்மா கப்பல் ஏறாத குறையாக இங்கே வந்து சேர்ந்தார். ஐயா வந்ததும் அதே காரணத்துக்காகத்தான். எந்தப் பாதி என்பதில்தான் தகராறு.

இருவரும் தனி ஆள். அம்மா வீட்டில் நாள் முழுக்க ஒரு அமெரிக்க சேனல், ஐயா வீட்டில் அதற்கு நேர் எதிரான சேனல். அம்மாவுக்குப் போன் செய்பவர்கள் எல்லாரும் அம்மா சொன்னதையே திருப்பிச் சொல்வார்கள். ஐயாவுக்கும் அப்படியே. சூப்பு வைத்துக்கொண்டும், ஜன்னல் துடைத்துக்கொண்டும் செனட்டர் அத்தனையையும் காதில் வாங்கினார். வாங்கினால் பரவாயில்லை, மனதார நம்பினார். அதுதான் வினை.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவார். கால்சாவிலிருந்து வந்த சூடு தணியாமல் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே ஆரம்பிப்பார்.

"இறைச்சி வைக்காதையடா. மாடு வளக்கிறதாலைதான் பூமி சூடாகுது. உங்களுக்கு ஒண்டும் விளங்காது."

சாப்பிட்டு, தட்டைக் கழுவி, ஒரு கோழித் தூக்கம் போட்டு எழுந்தால் ஆள் மாறிவிடும். சப்பாத்துக்கு நாடா கட்டும்போதே சீசா வாடை அடிக்கும்.

"எல்லையை இறுக்கிப் பூட்ட வேணும்! கண்டவன் நிண்டவன் எல்லாம் உள்ளுக்கை வாறான்!"

உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவும் எங்கள் வீட்டு ராசன் சும்மா இருக்கமாட்டான். "அண்ணை, உங்கடை பெர்மெசோ எப்ப முடியுது? இஞ்சை இருக்க விடுற கடதாசியைத்தான் கேக்கிறன்."

"அது வேறை கதை."

"ஒவ்வொருத்தன்ரை வீட்டிலையும் துவக்கு இருக்க வேணும் எண்டு நேற்று சொன்னியள். துவக்குக்குப் பயந்துதானே அண்ணை நாங்கள் இஞ்சை வந்தனாங்கள்?"

செனட்டர் குனிந்து, கட்டிய நாடாவை அவிழ்த்தார். நாடாவை இரண்டாம் முறை கட்டினார். மறுநாள் மத்தியானம் சோற்றுக்கு வந்ததும் துப்பாக்கிகளையெல்லாம் பேச்சிலேயே பறிமுதல் செய்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதால் அவருக்கு அன்று கருத்தே கிடையாது. பூசைக்குப் போவார், வந்து மன்னாருக்கு வீடியோ கால் போடுவார். அந்தப் பக்கம் மனைவி. கல்யாணமான கையோடு பிரிந்தவர்கள். மனைவியை இங்கே கூப்பிட வேண்டுமானால் இரண்டு வீட்டு வேலைக் கடிதமும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் வருமானம் போதாது என்று குடியேற்ற அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். "கொஞ்சம் பொறம்மா, ரெண்டு பேரும் கையெழுத்து வைப்பினம்" என்று ஒவ்வொரு வாரமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சிஞ்ஞோராவுக்குப் பல்வலி வந்தது. காலையில் பல் வைத்தியரிடம் போகவேண்டும், நீ மத்தியானத்துக்குமேல் வா என்றார். சிஞ்ஞோரும் அன்று தன் தாத்தா பிறந்த இத்தாலியக் கிராமத்தைப் பார்க்கப் போயிருந்ததால் பிரச்சினை இல்லை. செனட்டர் வழக்கம்போலச் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து கால்சாவுக்குப் போனார்.

அங்கேதான் உண்மை வெளியானது. செனட்டரின் அரசியல் ஆளைப் பொறுத்ததல்ல, நேரத்தைப் பொறுத்தது. டி.வி.யைப் பார்த்து அம்மா ஆவேசமாகத் தலையாட்ட, இவர் துடைப்பத்தை ஊன்றி நின்று, "சிஞ்ஞோரா, இவன் சொல்லுறதை நம்பாதேங்கோ. உங்கடை சேனல் முழுக்கப் பொய்" என்று இத்தாலிய மொழியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அம்மா கையிலிருந்த கரண்டி விழுந்தது. "யார் சொன்னது?"

பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். "சீசாவிலை இருக்கிற சிஞ்ஞோர்."

"ஒன்று நான், இல்லாவிட்டால் அந்த ஆள். முடிவு செய்துகொண்டு வா" என்றார் அம்மா. மறுநாள் மாலை ஐயாவிடம் போய் இந்த அநியாயத்தைச் சொல்லி அழுதால், ஐயா மேசையில் குத்தி, "ஒன்று நான், இல்லாவிட்டால் அந்தப் பொம்பளை" என்றார். லிபரலும் கன்சர்வேட்டிவும் முதல்முறையாக ஒரே கருத்துக்கு வந்திருந்தார்கள்.

இரண்டு நாள் செனட்டர் சரியாகச் சாப்பிடவில்லை. மாடா, எல்லையா, துவக்கா, எதைப் பற்றியும் பேச்சில்லை. "எந்த வீட்டை விட்டாலும் அவ வரமாட்டாளடா" என்று ராசனிடம் சொன்னார். ராசன்கூடக் கிண்டல் செய்யவில்லை.

கடைசியில் சீசா வேலையை விடுவது என்று முடிவு செய்து, சொல்லிக்கொண்டு வரப் போனார். போனவர் இரவுச் சாப்பாட்டுக்குச் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார்.

"என்ன அண்ணே நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"தம்பி, எங்கடை ஊரிலை ஒரு வீட்டாலை இன்னொரு வீட்டை போனா, 'அவை உங்களைச் சுகம் கேட்டவை' எண்டு சொல்லித்தானே உள்ளுக்கை போவம். வாய்ப்பழக்கத்திலை நானும் சொல்லிப்போட்டன். 'சிஞ்ஞோரா உங்களைச் சுகம் கேட்டவ' எண்டு."

"அந்தம்மா கேட்டாங்களா?"

"எங்கை கேட்டவ! ஆனா மனுசன் ரீவியை நிப்பாட்டிப்போட்டார். 'என்ன கேட்டவ?' எண்டார். எனக்கு வேறை ஒண்டும் வரேல்லை. 'முழங்கால் எப்பிடி எண்டு கேட்டவ' எண்டன். மனுசன் முழங்காலைத் தடவினார். பிறகு சொல்லுறார், 'என்ரை முழங்காலை ஒருத்தரும் கேக்கிறதில்லை. என்ரை ஆக்கள் போன் எடுத்தா நாட்டைப் பற்றித்தான் கேப்பினம். அவவுக்குச் சொல்லு, படி ஏறேலாமல் இருக்கு எண்டு.'"

செய்தி கால்சாவுக்குப் போயிற்று. அம்மா முகத்தைச் சுளித்தார். அரை மணி நேரம் கழித்து, "அந்த வீட்டில் லிப்ட் இல்லையா?" என்றார்.

அதோடு இரண்டு வீட்டுக் கெடுவும் போன இடம் தெரியவில்லை. செனட்டரை விட்டால் செய்தி கொண்டுபோக ஆள் ஏது? "அவன் ஜனநாயகத்துக்கே ஆபத்து. சூப்பு ஏதாவது குடித்தானா?" என்பார் அம்மா. "அவளுக்கு மூளை கிடையாது. இருமல் நின்றுவிட்டதா?" என்பார் ஐயா. கொள்கையில் ஒருவரும் ஓர் அங்குலம் நகரவில்லை. ஆனால் இரண்டு கடிதத்திலும் கையெழுத்து விழுந்தது.

மனைவி வந்த அன்று விமான நிலையத்துக்கு நாங்கள் எல்லாரும் போனோம். கூப்பிடாமலே சிஞ்ஞோராவும் வந்திருந்தார், கையில் பூங்கொத்தோடு. சிஞ்ஞோரும் வந்திருந்தார், கைத்தடியோடு. அதுவரை நேரில் பார்த்திராத இருவரையும் செனட்டர் அறிமுகம் செய்துவைத்தார். முழங்கால், இருமல் எல்லாம் மரியாதையாக விசாரிக்கப்பட்டன. அடுத்த நொடியே தேர்தல் பேச்சு வந்துவிட்டது. கைத்தடியும் பூங்கொத்தும் ஒன்றையொன்று நோக்கி ஆடின. காவலர் ஒருவர் கிட்டே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

சரியாக அப்போது கண்ணாடிக் கதவு திறந்து, இரண்டு பெட்டிகளோடு அந்தப் பெண் வெளியே வந்தார். புருஷனைப் பார்த்துச் சிரிப்பதா, இந்தச் சண்டையைப் பார்த்துப் பயப்படுவதா என்று தெரியாமல் நின்றார்.

"இஞ்சாருங்கோ, இவை ஏன் சண்டை பிடிக்கினம்?"

செனட்டர் பெட்டிகளை வாங்கிக்கொண்டார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"பிடிக்கட்டும். இவ்வளவு நாளும் ரீவியோடை பிடிச்சதுகள். இண்டைக்குத்தான் ஆளோடை பிடிக்குதுகள்."

செனட்டரும் மனைவியும் இப்போது சீசாவில் தனி வீடு பார்த்துப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டு மத்தியானச் சாப்பாட்டில் இறைச்சி வைக்காதே என்று சொல்ல ஆளில்லை, எல்லையைப் பூட்டு என்று கத்தவும் ஆளில்லை. ராசனும் நானும் எல்லா விஷயத்திலும் ஒத்துப்போகிறோம். சாப்பாடு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.