அருவிக்குப் போய் வந்த மூளை

பதற்றக்கார அப்பாக்களிடம் எதையும் அரைகுறையாக விளக்கக் கூடாது. முழுதாக விளக்கினாலும் நாங்கள் அரைகுறையாகத்தான் கேட்போம்.

என் மகள் பூரணிக்கு மனச்சோர்வு. கல்லூரியை விட்டு வந்து, எங்கள் ஊரான குத்துக்கல்வலசையில் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கேட்டால் ஒரு வார்த்தை, அதோடு சரி. மாத்திரைக்கும் கொஞ்சம்தான் கேட்டது. அவளைப் பார்த்துவந்த டாக்டரம்மா (சிவகிரிக்காரர்) ஓர் ஆராய்ச்சியைப் பற்றி எங்கள் இருவரிடமும் சொன்னார்.

"மனச்சோர்வு உள்ள சிலருக்கு மூளையில லேசா அழற்சி, அதாவது உள்ளுக்குள்ள ஒரு கொதிப்பு, இருக்கலாம்னு நினைக்கோம். அது ஸ்கேன்ல தெரியுதான்னு பாக்கணும்."

"கவலை படத்துல விழுமாம்மா?"

"கவலை விழாது அண்ணாச்சி. மூளையில காவல் காக்கிற செல் இருக்கு. கலவரம் முடிஞ்ச பிறகும் அது விசில் ஊதிக்கிட்டே இருக்கான்னுதான் பாக்கோம்."

எனக்கு ஒரே வியப்பு. என் பிள்ளை தலைக்குள் ஓயாத விசிலா! (அதனால்தான் நான் கூப்பிடுவது கேட்கவில்லையோ?) இந்த யோசனையில், டாக்டரம்மா கடைசியாகச் சொன்ன நிபந்தனை காதில் ஏறவில்லை.

ஸ்கேனுக்குப் போகிற வாரம் சாரல் அமர்க்களமாக இருந்தது. தலையில் என்ன கோளாறு என்றாலும் எண்ணெய் தேய்த்துக் குற்றாலத்து அருவிக்குக் கீழே நிற்பது எங்கள் வழக்கம். அழற்சிதானே, கொஞ்சம் தணித்தே கொண்டுபோவோம் என்று இழுத்துப்போனேன்.

"வேண்டாம்ப்பா."

"சும்மா நில்லுட்டி. மிச்சத்தத் தண்ணி பாத்துக்கிடும்."

பார்த்துக்கொண்டது.

ஸ்கேன் அன்று டாக்டரம்மா கேட்டார்: "சளி, காய்ச்சல் இல்லையே?"

"இல்லம்மா" என்று முந்திக்கொண்டேன்.

பூரணி தும்மினாள்.

"தூசி" என்றேன்.

"அருவி" என்றாள் அவள்.

டாக்டரம்மா பூரணியின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "சளி பிடிச்சாலே உடம்புல அழற்சி கூடிரும் அண்ணாச்சி. எது மனச்சோர்வு, எது உங்க அருவின்னு நான் எப்படிப் பிரிக்க? அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! இன்னைக்கு ஸ்கேன் கிடையாது."

மகளுக்குக் கிடைத்த ஒரே வழியை நானே அடைத்துவிட்டதாகத் தோன்றியது. "அவளுக்குப் பதிலா என் தலைய எடுங்கம்மா. அப்பன் தலைதானே!" என்று உளறினேன்.

"எடுங்க டாக்டர்" என்றாள் பூரணி. "அங்கதான் விசில் ஜாஸ்தி."

அத்தனை மாதங்களில் அவள் பேசிய நீளமான பேச்சு அது. பிறகு சிரித்தாள். நான்தான் அழுதேன்.

சளி தீர்ந்ததும் ஸ்கேன் எடுத்தார்கள். ஆராய்ச்சிக்கான படம் என்பதால் பூரணிக்கென்று தனியாக முடிவு எதுவும் சொல்லவில்லை. சிகிச்சை தொடர்கிறது. நல்ல நாளும் வருகிறது. சுவர் நாளும் வருகிறது.

நான் பதற ஆரம்பித்தால் போதும், "அப்பா விசில் ஊதுதாரு" என்பாள். சுவர் நாட்களில் அந்தக் குரலைக் கேட்பதற்காகவே நான் கொஞ்சம் கூடுதலாகப் பதறுவதுண்டு.